பகுதிச் சேதம்

புயல் கடந்த ஐந்தாம் நாள்
கட்டாண்டுவானெஸ் தீவின் கிழக்குக் கரைக்கு
நகராட்சியின் ஒரே படகில் போனோம்:
நான், படம் எடுக்க ஜெரிக்கோ,
நானூற்றுப் பன்னிரண்டு படிவங்கள்,
அவை நனையாதிருக்கச் சுற்றிய அரிசிப் பை.

படிவத்தில் இரண்டு கட்டங்கள்.
முழுச் சேதம். பகுதிச் சேதம்.
எப்படிப் பிரிப்பதென்று அரை நாள் பயிற்சி தந்திருந்தார்கள்.
கூரை மட்டும் போனால் பகுதி.
தூண் சாய்ந்தால் முழு.
கூரை போய், தூண் நின்று,
உள்ளிருந்தவர் போயிருந்தால்
அது வேறு படிவம், வேறு துறை.

காலையில் நாற்பது வீடு முடித்தோம்.
நார்வாழைத் தோட்டம்
சீப்பால் வாரிவிட்டதுபோல் ஒரே பக்கம் படுத்திருந்தது.
வேளாண் துறைக் கணக்கு என்று தாண்டி நடந்தோம்.
தேவாலயத்துத் தகரம் ஒன்று
பலா மரத்தில் ஈரத்துணிபோலச் சுற்றியிருந்தது.
அதை எந்தக் கணக்கில் சேர்ப்பதென்று
பராங்காய்த் தலைவருக்கும் தெரியவில்லை.
போன இடமெல்லாம் காபி குடிக்கிறீர்களா என்றார்கள்.
எங்கே வைத்துக் காய்ச்சுவீர்கள் என்று
நான் கேட்கவில்லை.

மதியத்துக்குமேல் ப்ரிமிதிவாவின் வீடு.
வீடு என்று படிவம் சொல்வதால் நானும் சொல்கிறேன்.
அலையிலிருந்து பதினேழு மீட்டர்.
ஒரு சிமெண்டுத் தளம்.
வெள்ளைக் கழிப்பறைப் பீங்கான்,
அதன் விளிம்பில் ஒரு சேவல்.
மல்லாந்து கிடந்த கதவுநிலை.

பேனாவைத் திறந்தேன்.
"பகுதி என்று போடுங்கள் மேம்."

பகுதிக்குப் பத்தாயிரம் பேசோதான் என்றேன்.
முழுவதற்கு முப்பதாயிரம்.
"தெரியும்."
எதற்காகக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியாது.
இல்லை, எனக்கும் தெரியும்.
முழுச் சேதம் என்றால்
கரையிலிருந்து நாற்பது மீட்டருக்குள்
மறுபடி கட்ட முடியாது.
மலைக்குப் பின்னால் மனை தருவார்கள்,
மூன்று ஆண்டில், அல்லது அடுத்த மேயர் வந்தபின்.
அங்கிருந்து படகுக்கு வந்துபோக
பிடித்த மீனில் பாதி செலவாகும்.
பழுது பார்ப்பதற்குத் தடையில்லை.
பழுது பார்க்க ஏதாவது இருந்தால்.

"படம் வேண்டுமே," என்றான் ஜெரிக்கோ.
"நிற்கிற மாதிரி ஏதாவது."

எர்மொஹெனெஸ், அவள் கணவர்,
அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர்,
போய் அந்த நிலையைத் தூக்கினார்.
ஒரு பக்கம் அவர் தோள்.
மறுபக்கம் அவள் இரு கைகள்.
நிலை எழுந்து நின்றது.
அதன் வழியே பசிபிக் முழுவதும் தெரிந்தது,
நீலமாக, வெயிலில்,
யாரோ அப்போதுதான் கழுவி வைத்ததுபோல.

"ஆள் தெரியக் கூடாது, கொஞ்சம் ஒதுங்குங்கள்."
நான்கு அங்குலச் சட்டத்துக்குப் பின்னால்
ஒரு மனிதர் எவ்வளவு ஒதுங்க முடியுமோ
அவ்வளவு ஒதுங்கினார்கள்.
சேவல் மட்டும் நகரவில்லை.

நான் பகுதி என்று போட்டேன்.
அடுத்த வீட்டிலும். அதற்கடுத்ததிலும்.
கரையோரம் முழுக்க அன்று மாலைவரை
யார் யாரோ எதையெதையோ தூக்கிப் பிடித்தார்கள்:
ஒரு ஜன்னல், ஒரு மூலைத் தூண்,
ஒரு வீட்டில் பிள்ளைகள் நால்வர் சேர்ந்து ஒரு சுவர்.

இரவு வானொலியில் மண்டல அலுவலகம்.
எண்களை வாசித்தேன்.
"கரையோரத்தில் முழுச் சேதம் இவ்வளவு குறைவா?
வீடுகளை நன்றாகக் கட்டத் தொடங்கிவிட்டார்கள்போல.
மணிலாவுக்கு நல்ல செய்தி," என்றது குரல்.
பேட்டரி தீர்கிறது என்றேன்.
பாதி உண்மை.

ஜெனரேட்டர் வெளிச்சத்தில்
படங்களுக்கு எண் போட்டுக்கொண்டிருந்த ஜெரிக்கோ
ஒன்றில் நின்றான்.
நிலையின் ஓரத்தில் எட்டு விரல்கள்.
ஒன்றில் மோதிரம்.
"வெட்டிவிடட்டுமா?"

வேண்டாம் என்றேன்.
அவ்வளவு கிட்டே வந்து
யாரும் பார்க்கமாட்டார்கள்.